தெற்கு வாசல் அடைபட்ட மலை: மேகாலயாவின் நிலமும் வரலாறும்

பள்ளிப் பாடநூல் நமக்கு மேகாலயாவை ஒரே வரியில் அறிமுகப்படுத்தி முடித்துவிடுகிறது: உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம் சிரபுஞ்சி. பின்னாளில் அந்தப் பெருமை அதற்குச் சற்று மேற்கே உள்ள மௌசின்ராமுக்குப் போய்விட்டது என்பதைப் பொது அறிவுப் போட்டிக்குப் படித்தவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கு மேல் அந்த மாநிலத்தைப் பற்றி நம்மிடம் பேச்சு எழுவதில்லை. இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் அது அசாமின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் மலை மாநிலம்போலத் தெரியும். குவாஹாட்டியிலிருந்து தெற்கே ஏறும் நெடுஞ்சாலையில்தான் ஷில்லாங்குக்கு அரிசியும் பெட்ரோலும் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். ஆனால் வரலாற்றின் பெரும்பகுதியில் இந்த மலைகள் வடக்கைப் பார்த்து நின்றவை அல்ல. அவற்றின் முகம் தெற்கே, இன்று வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹெட் சமவெளியை நோக்கி இருந்தது. மழை அந்த வழியாக வந்தது. சந்தையும் படையும் மதமும் எழுத்தும் அதே வழியாக வந்தன. 1947இல் அந்த வாசல் அடைபட்டதையும், அடைபட்ட பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதையும் வைத்துப் பார்த்தால்தான் மேகாலயாவின் இன்றைய குணம் விளங்குகிறது.

முதலில் நிலம். வடகிழக்கில் இருந்தாலும் மேகாலயப் பீடபூமி இமயமலையின் உறவு அல்ல. அது நம் தென்னிந்தியத் தீபகற்பப் பாறையின் துண்டு. தக்காணத்தின் அதே பழம்பாறை ராஜ்மகால் மலையோடு நின்றுவிட்டதுபோலத் தோன்றி, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கு அடியில் புதைந்து சென்று, காரோ மலையில் மறுபடி தலையெடுக்கிறது. 22,429 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலம் வடக்கே அசாமை நோக்கிப் படிப்படியாகச் சரிகிறது. தெற்கே அப்படிச் சரியாமல், வெட்டிவிட்டதுபோல் செங்குத்தாக இறங்கி, கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்த சில்ஹெட் தாழ்நிலத்தில் கால் வைக்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு வழியில் ஒரு குன்றுகூடத் தடையாக இல்லை. மழைக்காலத்தில் ஏரியாகவே மாறிவிடும் அந்தச் சமவெளியைக் கடந்து வந்து, ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்பும் இந்தச் சுவரில் அது திடீரென முட்டுகிறது. குறுகிய பள்ளத்தாக்குகள் காற்றை மேலும் நெருக்கி மேலே தள்ளுகின்றன.

விளைவு எண்களில் தெரியும். சிரபுஞ்சியிலும் மௌசின்ராமிலும் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் சிரபுஞ்சியில் 26,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது இன்றும் உலகச் சாதனை. 2022 ஜூன் 17 அன்று மௌசின்ராமில் 24 மணி நேரத்தில் 1,003.6 மில்லிமீட்டர் பதிவானது. சென்னை ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே நாளில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுவரைத் தாண்டி வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஷில்லாங்குக்கு இதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. மேகாலயா முழுவதும் மேகம் என்பது பாதி உண்மை. மேகம் குடியிருப்பது தெற்கு விளிம்பில். ‘மேகங்களின் இருப்பிடம்’ என்ற பொருளுடைய இந்தப் பெயரும் உள்ளூர்ப் பெயர் அல்ல. எஸ்.பி. சாட்டர்ஜி என்ற வங்கப் புவியியலாளர் 1936இல் பாரிஸ் பல்கலைக்கழக ஆய்வேட்டில் பீடபூமிக்குச் சூட்டிய பெயர், பிறகு மாநிலத்துக்கு நிலைத்தது.

இவ்வளவு பெய்தும் குளிர்காலத்தில் சிரபுஞ்சிப் பெண்கள் குடத்தோடு ஊற்று தேடி நடக்கிறார்கள் என்பது கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். பருவமழை விட்டுவிட்டால் மாதக்கணக்கில் வானம் வறண்டிருக்கும். மேல்மண் அடித்துச் செல்லப்பட்டுப் பல இடங்களில் பாறை வெளியே தெரிகிறது. பாறைகளுள் ஒன்றான சுண்ணாம்புக்கல்லோ விழுந்த நீரை வெடிப்புகள் வழியாக விழுங்கிக் குகைகளுக்குள் அனுப்பிவிடுகிறது. அந்தக் குகைகள்தான் மாநிலத்துக்கு எதிர்பாராத ஒரு புகழைத் தந்தன. சிரபுஞ்சிக்கு அருகே உள்ள மௌம்லு குகையில், சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் வளர்த்த கற்புற்று ஒன்றின் வேதியியல் அடுக்குகளை ஆராய்ந்து, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் உலகின் பல பகுதிகளை வாட்டிய நெடும் வறட்சியின் தடயத்தை அறிவியலாளர்கள் கண்டனர். அந்தப் புள்ளியில் தொடங்கி நாம் வாழும் இன்று வரையிலான காலத்துக்கு 2018இல் ‘மேகாலயன்’ என்று உலக நிலவியல் கால அட்டவணையில் பெயரிடப்பட்டது. மழைக்குப் பெயர்பெற்ற ஊரின் கல், வறட்சியில் தொடங்கும் காலத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

மாநிலத்தின் மூன்று பெருங்குடிகள் காஸி, ஜைந்தியா, காரோ. (வாரணாசியோடு குழப்பம் வேண்டாம் என்பதற்காக ‘காஸி’ என்று எழுதுகிறேன்.) காஸி மொழியும் ஜைந்தியாவின் ப்னார் மொழியும் ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை, கம்போடியாவின் கெமர் மொழிக்கும் நம் நாட்டின் சந்தாலிக்கும் தூரத்து உறவு. மேற்கே வாழும் காரோ மக்களின் மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தது. தெற்குச் சரிவில் வாழ்பவர்களைக் காஸிகள் ‘வார்’ மக்கள் என்பார்கள். செங்குத்தான சரிவில் நெல் விளையாது. பாக்கும் வெற்றிலையும் ஆரஞ்சும் பலாவும் விளையும். விளைந்ததைச் சமவெளிக்கு இறக்கி விற்று, அரிசியும் கருவாடும் உப்பும் வாங்கி ஏறுவதுதான் அவர்கள் பிழைப்பு. வழியிலே ஓடைகள், மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்தில் ஆளை இழுத்துப் போகும் வெள்ளம். மூங்கில் பாலம் போட்டால் ஓரிரு பருவங்களில் மக்கிவிடும்.

அதற்கு அவர்கள் கண்ட விடைதான் ‘ஜிங்கியெங் ஜிரி’ என்னும் உயிர்வேர்ப் பாலம். ஓடையின் கரையில் ரப்பர் அத்தி மரத்தை நட்டு, அது கிளையிலிருந்து விடும் விழுதுகளை, நடுவே பிளந்து குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் நுழைத்து, மூங்கில் சாரத்தின் மேல் எதிர்க்கரைக்கு நீட்டுகிறார்கள். விழுது அக்கரை மண்ணைத் தொட்டு வேரூன்றும், பிறகு தடிக்கும், அடுத்தடுத்த விழுதுகளை அதன்மேல் பின்னி, இடைவெளிகளில் தட்டைக் கற்களை அடுக்கினால் தளம் அமையும். ஆள் நடக்கும் உறுதி வரப் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதால், நட்டவர் பெரும்பாலும் தம் பிள்ளைகளுக்காகவே நடுகிறார். மற்றப் பாலங்கள் நாளாக ஆகத் தளரும். இது நாளாக ஆக இறுகும். நொங்க்ரியாட் கிராமத்தின் இரண்டடுக்குப் பாலம் இன்று சுற்றுலா விளம்பரங்களில் எல்லாம் வருகிறது; 2022இல் இந்தப் பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. விளம்பரம் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: இவை காட்டின் அழகுக்காகப் பிறந்தவை அல்ல, பாக்குமூட்டை ஏறிச் செல்லப் பிறந்தவை. மழையும் சந்தையும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று இந்தப் பாலத்தைச் சொன்னால் தவறில்லை.

அந்தப் பாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காஸி வீட்டுக்குப் போனால் முதலில் நீட்டுவது ‘க்வாய்’: வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாதியாக நறுக்கிய ஈரப் பாக்கோடு தருவார்கள். நம் கொட்டைப்பாக்கை நினைத்துக்கொண்டு வாயில் போடும் தமிழருக்குக் காதும் நெற்றியும் சூடேறி வியர்க்கும். புதுப் பாக்கின் வேகம் அப்படி. முன்பு நடைவழித் தூரத்தை ‘இத்தனை க்வாய்’ என்றே கணக்கிட்டார்கள். இறந்தவரைக் குறிப்பிடுகையில் ‘கடவுளின் வாசலில் க்வாய் மென்றுகொண்டிருப்பவர்’ என்பது காஸி வழக்கு. பழைய காஸி வாரத்துக்கு எட்டு நாட்கள்; ஒவ்வொரு நாளுக்கும் அன்று கூடும் சந்தையின் பெயர். நாள்காட்டியையே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்ட சமூகத்தை ‘உலகத் தொடர்பற்ற பழங்குடி’ என்று எழுதிவைத்ததற்கு, எழுதியவர்களின் அவசரமன்றி வேறு காரணம் தெரியவில்லை.

சந்தைக்கு இறங்கியது பாக்கு மட்டுமல்ல. காஸி மலையில் இரும்பு உருக்கிய கசடுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை எனக் கணிக்கப்பட்டிருக்கின்றன. அந்த இரும்பு சமவெளியில் படகு கட்டுவோருக்குப் போயிற்று. சுண்ணாம்புக்கல் இதைவிடப் பெரிய சரக்கு. சமவெளியில் கல்லே கிடையாது என்பதால் வங்காளத்தின் கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பு இந்த மலையின் அடிவாரத்திலிருந்து படகேறியது. 1770களின் இறுதியில் சில்ஹெட் கலெக்டராக வந்த ராபர்ட் லிண்ட்சே, மாவட்டத்தின் வரிவசூல் சோழிகளாகவே வருவதைக் கண்டு திகைத்தவர். வந்த வேலையை விடச் சுண்ணாம்பு வியாபாரத்தில்தான் அவர் பணக்காரரானார். கம்பெனிக் கணக்குகளில் ‘சுனம்’ என்று வரும் அந்தச் சொல் நம் சுண்ணாம்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 1840களில் உயிர்வேர்ப் பாலத்தைப் பற்றி முதன்முதலாக எழுதிய ஆங்கில அதிகாரி ஹென்றி யூல், பிற்காலத்தில் இப்படிப்பட்ட இந்திய வழிச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர் என்பதையும் போகிற போக்கில் நினைவுபடுத்தலாம்.

மலையும் சமவெளியும் ஒரே அரசுக்குள் இருந்ததற்கு ஜைந்தியா அரசு சான்று. அதன் தலைநகர் ஜைந்தியாபூர் சமவெளியில் இருந்தது. மலைமேல் நர்தியாங் கோடைக்காலத் தலைநகர். நர்தியாங்கில் இன்றும் ஆளுயரத்துக்குப் பல மடங்கு உயர்ந்த நெடுங்கற்கள் கூட்டமாக நிற்கின்றன. அருகிலேயே பழைய துர்க்கை கோயிலும் உண்டு. 1835இல் ஆங்கிலேயர் சமவெளிப் பகுதியைப் பறித்துக்கொண்டபோது, அரசர் ராஜேந்திர சிங் மலைப்பகுதியையும் வேண்டாமென்று கைவிட்டார். வருமானம் முழுவதும் கீழே இருந்த அரசுக்கு மலை மட்டும் மிஞ்சி என்ன பயன்? வரி என்பதையே அறியாத அந்த மலைமக்கள்மேல் 1860இல் வீட்டுவரி விழுந்தது. வருமான வரியும் தொடர்ந்தது. கிளர்ச்சியை நடத்திய உ கியாங் நங்பா 1862 டிசம்பர் 30 அன்று தூக்கிலிடப்பட்டார்.

காஸி மலையில் மோதல் அதற்கும் முந்தியது. 1826இல் பர்மாவோடு செய்த யாண்டபோ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கையும் சில்ஹெட்டையும் இணைக்கும் சாலை ஒன்றை இந்த மலையின் குறுக்கே போட டேவிட் ஸ்காட் என்ற அதிகாரி விரும்பினார். நொங்க்லாவின் ‘சியெம்’, அதாவது தலைவர், திரோட் சிங் முதலில் இசைந்தார். காஸி சியெம் தன்னிச்சையாக ஆளும் மன்னர் அல்லர்; தர்பாரைக் கூட்டிக் குலங்களின் சம்மதம் பெற வேண்டியவர். சாலையோடு படையும் வரியும் வரும் என்பது தெளிவானபோது, 1829 ஏப்ரல் 4 அன்று நொங்க்லாவில் தாக்குதல் நடந்தது. போர் நான்கு ஆண்டுகள் நீண்டது. 1833இல் பிடிபட்ட திரோட் சிங் டாக்காவில் சிறைவைக்கப்பட்டு 1835 ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தார். காரோ மலை இன்னும் பிந்தி, 1872இல்தான் வீழ்ந்தது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பா தொகான் சங்மா அங்கே நினைவுகூரப்படும் பெயர்.

சாலைக்குப் பின்னால் சிலுவை வந்தது, அதுவும் தெற்கிலிருந்துதான். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த தாமஸ் ஜோன்ஸ் 1841 ஜூனில், கொட்டும் மழைக்காலத்தில், சில்ஹெட் வழியாக ஏறிச் சிரபுஞ்சியை அடைந்தார். அதற்கு முன்பே செராம்பூர் மிஷனரிகள் வங்க எழுத்தில் காஸி மொழியை அச்சிட்டிருந்தனர், அது வேர்பிடிக்கவில்லை. ஜோன்ஸ் ரோமன் எழுத்தைத் தம் வேல்ஸ் உச்சரிப்புக்கு ஏற்பக் கையாண்டு காஸிக்குப் பொருத்தினார். இன்றும் காஸி அரிச்சுவடியில் ஏ, பி ஆகியவற்றுக்கு அடுத்து நிற்பது கே. மலையின் சுண்ணாம்பு, ஆரஞ்சு வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்த ஹாரி இங்லிஸ் என்ற ஆங்கில வணிகரை அவர் பகைத்துக்கொண்டார். மலையை விட்டு வெளியேறி 1849இல் கல்கத்தாவில் இறந்தார். இன்று மாநில மக்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள். பழைய சமயத்தைக் காக்க 1899இல் தொடங்கிய ‘செங் காஸி’ இயக்கமும் இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது.

மழை தாங்காமல் ஆங்கிலேயர் தம் தலைமையிடத்தைச் சிரபுஞ்சியிலிருந்து 1864இல் ஷில்லாங்குக்கு மாற்றினர். 1874இல் அசாம் தனி மாகாணமானபோது சில்ஹெட்டும் அதனோடு சேர்க்கப்பட்டு, ஷில்லாங் தலைநகராயிற்று. அலுவலகங்களை நிரப்ப ஆங்கிலம் படித்த சில்ஹெட் வங்காளிகள் மலையேறினர். 1947 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் சில்ஹெட் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போக முடிவாயிற்று. அடுத்த மாதம் கோடு கிழிக்கப்பட்டது. அந்தக் கோடு தெற்குச் சரிவின் காலடியில் ஓடுகிறது. மலை இங்கே, சந்தை அங்கே. நூற்றாண்டுகளாகத் தோட்டத்திலிருந்து கீழே இறங்கிய ஆரஞ்சும் வெற்றிலையும் வாங்க ஆளின்றிப் போயின. மேலே ஏற வேண்டிய அரிசி நின்றது. சாலை வசதியே இல்லாத வார் கிராமங்களுக்கு, ஷில்லாங் வழியாக குவாஹாட்டிக்குப் பழத்தைக் கொண்டுபோவது நடக்கிற காரியமாக இல்லை. பிரிவினை என்றதும் பஞ்சாபும் கல்கத்தாவும் நினைவுக்கு வருகின்றன. ரத்தம் பெருகாமல், பசியால் மட்டுமே தெரிந்த இந்தப் பிரிவினை எந்தப் பாடநூலிலும் தனிப் பக்கம் பெறவில்லை.

வாசல் அடைபட்டதும் உள்கட்டுப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு வலுத்தது. ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய் போன்றோரின் வாதத்தால் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை உருவாகி, மலை மாவட்டங்களுக்குத் தன்னாட்சிக் கவுன்சில்கள் கிடைத்தன. 1960இல் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபோது மலைத் தலைவர்கள் தனி மாநிலம் கேட்டு ஒன்றுகூடினர். துப்பாக்கி ஏந்தாமலே அதைப் பெற்றனர். 1970இல் அசாமுக்குள் தன்னாட்சி மாநிலம், 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலம். முதல் முதல்வர் காரோ மலையைச் சேர்ந்த கேப்டன் வில்லியம்சன் சங்மா.

மேகாலயாவின் தாய்வழி மரபைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகள் ‘பெண்கள் ஆளும் நாடு’ என்று தலைப்பிடுவது வழக்கம், அது பிழை. பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர் வரும். குடும்பச் சொத்து கடைக்குட்டி மகளான ‘கா கட்டூ’விடம் போகும். அவர் அதற்கு உரிமையாளர் என்பதை விடக் காப்பாளர் என்பதே பொருந்தும்: வயதான பெற்றோரையும் திக்கற்ற உறவினரையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும், சடங்குகளை நடத்த வேண்டும், தாய்மாமன் சொல்லைத் தட்டக் கூடாது. தாய்மாமனின் இடம் என்ன என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர் தர்பாரிலோ மரபுப்படி பெண்ணுக்கு இடம் கிடையாது. சட்டமன்றத்திலும் பெண்கள் எப்போதும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

இந்த மரபுக்குள் ஒரு நெகிழ்ச்சி இருந்தது. காஸி ஆண் ஒருவர் சமவெளிப் பெண்ணை மணந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தாய்க்குலம் இருக்காது. ஆகவே ‘தாங் ஜைத்’ என்ற சடங்கின் மூலம் அந்தப் பெண்ணையே மூதாயாகக் கொண்டு புதுக் குலம் ஒன்றைத் தொடங்குவார்கள். வெளியாரைக் குறிக்கும் சொல் ‘ட்கார்’. இன்று ‘கார்’ என்று தொடங்கும் காஸிக் குலப்பெயர்கள் பல, என்றோ இப்படி வந்துசேர்ந்த வெளியூர்ப் பெண்ணின் அடையாளம். சந்தை திறந்திருந்த காலத்தில் குலமும் திறந்திருந்தது. 1979இலும் பின்னரும் ஷில்லாங்கில் வங்காளிகள், நேபாளிகள் முதலிய வெளியாருக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்தபோது அதே ‘ட்கார்’ வசைச்சொல்லாக ஒலித்தது. 2018இல் காஸி மலைத் தன்னாட்சிக் கவுன்சில், காஸி அல்லாதவரை மணக்கும் பெண்ணும் அவர் பிள்ளைகளும் காஸி என்ற தகுதியை இழப்பர் என்று ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது; கடும் எதிர்ப்பும் எழுந்தது. மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் சுமார் 30 லட்சம்தான் என்னும்போது, கரைந்துபோவோம் என்ற அச்சத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வெளிப்பெண்ணை மூதாயாக்கிய மரபின் பெயராலேயே சொந்தப் பெண்ணை விலக்குவதும் மரபு ஆகாது என்றே எனக்குப் படுகிறது.

நிலத்தைப் பற்றிய மரபும் இன்று சிக்கலில் இருக்கிறது. இங்கே நிலமும் அதன் அடியில் உள்ளதும் அரசுக்கல்ல, குலங்களுக்கும் தனியாருக்கும் உரியவை. அதனால் வெளி நிறுவனங்கள் எளிதில் நுழைய முடியவில்லை. அதே காரணத்தால் ஜைந்தியா மலையில் வசதி படைத்த உள்ளூர்க்காரர்கள், ஒருவர் ஊர்ந்து நுழையும் அளவே உள்ள ‘எலிவளை’ச் சுரங்கங்களைக் கேட்பாரின்றித் தோண்டினர். நிலக்கரி லாரிகளில் ஏறி, எல்லையூரான டாவ்கி வழியாக வங்கதேசத்துக்கும் போயிற்று. அமிலம் கலந்த லூகா ஆறு குளிர்காலத்தில் மீனின்றி நீலமாக ஓடியது. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் தோண்டியதால்தான் 2018 டிசம்பரில் ஜைந்தியா மலையின் க்சானில் ஆற்று வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் உள்ளே மாண்டனர்.

பழைய வாசலில் இப்போது சில இடுக்குகள் தெரிகின்றன. வங்கதேசத்துடனான 443 கிலோமீட்டர் எல்லையின் பெரும்பகுதியில் முள்வேலி நிற்க, 2011இல் காரோ மலையின் கலாய்ச்சரிலும் அடுத்த ஆண்டு காஸி மலையின் பாலாட்டிலும் எல்லைச் சந்தைகள் திறக்கப்பட்டன. எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள் அட்டையைக் காட்டி உள்ளே போய், காவலர் பார்த்திருக்க, காய்கறியும் துணியும் வாங்கித் திரும்பலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. காஸி மலையின் ஷெல்லா பக்கத்துக் குவாரியில் வெட்டிய கல், 17 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபட்டையில் ஏறி, வேலியைத் தாண்டி, லிண்ட்சே காலத்திலிருந்தே சுண்ணாம்புக்குப் பேர்போன சாத்தக்கில் இருக்கும் சிமென்ட் ஆலைக்குப் போய் இறங்குகிறது. மௌசின்ராமில் அந்த 1,003.6 மில்லிமீட்டர் பெய்த 2022 ஜூன் வாரத்தில், இறங்கிப்போன வெள்ளம் சில்ஹெட் நகரையே மூழ்கடித்தது. கீழே மௌல்விபஜார் பக்கத்துக் குன்றுகளில் ‘புஞ்சி’ என்று அழைக்கப்படும் காஸி ஊர்கள் இன்றும் இருக்கின்றன. சிரபுஞ்சியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே சமவெளிச் சொல்தான். அங்கே வாழும் வங்கதேசக் குடிமக்களான காஸிகள், மரங்களில் கொடியேற்றி வெற்றிலை பயிரிட்டு, அதைச் சில்ஹெட் சந்தையில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.